வடசென்னையில் இருந்துகொண்டே ட்ரைலோபைட் சேகரிக்க

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் தோண்டினாலும் சரி, எண்ணூர் கழிமுகத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் சரி, ட்ரைலோபைட் என்ற, கல்லாகிப்போன பழங்காலக் கடலுயிர் கிடைக்காது. இது தெரியாமல் சுத்தியலும் உளியும் வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு இந்தச் சேகரிப்பு என்பது தோண்டும் வேலை இல்லை. பார்த்து வாங்குவது, கல்லுக்கு விவரச் சீட்டு எழுதுவது, உப்புக் காற்றிலிருந்து காப்பாற்றுவது, இவ்வளவுதான். இதில் பணம் கடைசியாக வர வேண்டும். கண் பழகுவதுதான் முதலில்.

ட்ரைலோபைட் கடலில் வாழ்ந்த கணுக்காலி. நண்டு, இறால், தேள், மரவட்டை எல்லாம் அதற்குத் தூரத்துச் சொந்தம். சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைகளில் தென்பட ஆரம்பித்து, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலம் முடிந்தபோது அடியோடு அழிந்துபோனது. இதுவரை 20,000 இனங்களுக்கு மேல் பெயரிட்டிருக்கிறார்கள். அரிசி மணி அளவிலும் உண்டு. கனடாவின் சர்ச்சில் பக்கம் கிடைத்த ஐசோடெலஸ் ரெக்ஸ் என்ற இனம் 70 சென்டிமீட்டருக்கும் மேல் நீளம்.

இங்கே ஏன் கிடையாது

வடசென்னையின் தரை கடல் மணலும் ஆற்று வண்டலும். கோடி ஆண்டுக் கணக்கில் பார்த்தால் நேற்று படிந்தது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கல்லைப் பார்த்துச் சிலருக்கு ஆசை வரும். அது பூமிக்கு அடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. அதில் எந்த ஓடும் தப்பியிருக்காது. பல்லாவரம் பக்கத்துக் கருங்கல்லுக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் இருக்கும் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து சூட்டிய பெயர் அது. பாசிலுக்குத்தான், அதாவது கல்லில் பதிந்த உயிர்ச்சுவடுக்குத்தான், அந்தக் கல் உதவாதே தவிர, கதைக்குக் குறைவில்லை.

அடுத்தது வீட்டிலேயே இருக்கும் கல். சமையல் மேடைக்குப் போடும் கடப்பாக் கல் சுண்ணாம்புப் பாறைதான், கடலில் படிந்ததுதான். ஆனால் அது ட்ரைலோபைட் தோன்றுவதற்கு முன்பே படிந்துவிட்டது. தரைக்குப் போடும் கோட்டா கல்லும் அப்படியே. பட்டைக் கல்லில் செடிபோல, பெரணி இலைபோலக் கறுப்பாகக் கிளை விரிந்திருப்பதைக் காட்டி "பாசில்" என்பார்கள். அது மாங்கனீசு தாது விரிசலில் ஊறிப் படர்ந்த கறை. உயிரோடு சம்பந்தமே இல்லை.

அப்போ அரியலூர்? அங்கே கிடைப்பது அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரும் சிப்பியும். கிரிடேசியஸ் காலப் பாறை, சுமார் 11 கோடி முதல் 6.6 கோடி ஆண்டு வரை. ட்ரைலோபைட் அழிந்து பத்து கோடி ஆண்டுக்கு மேல் ஆன பிறகு உருவான கடல் அது. ஆக, கடப்பாவுக்கு வயது அதிகம், அரியலூருக்கு வயது குறைவு. நமக்கு வேண்டிய காலம் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. "அரியலூர் ட்ரைலோபைட்" என்று யாராவது விற்றால் அங்கேயே விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இந்தியாவில் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. இமாசலத்தின் ஸ்பிதியில், பராஹியோ பள்ளத்தாக்கில், கேம்பிரியன் கால ட்ரைலோபைட்டுகள் இருக்கின்றன. தொல்லுயிரியலாளர் கௌப்பர் ரீட் 1910-இலேயே அவற்றை விவரித்து எழுதினார். காஷ்மீரிலும் உண்டு. ஆனால் இமயமலை எழுந்தபோது பாறையோடு சேர்ந்து நசுங்கிக் கோணியவை பல. அவை ஆராய்ச்சிக்கானவை, தொடக்கக்காரர் போய்ப் பெயர்த்து எடுக்கும் இடமில்லை.

கண்ணைப் பழக்குதல்

காசு செலவில்லாத படி இதுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவதும் இதைத்தான்.

காசிமேட்டில் கால் கிலோ இறால் வாங்குங்கள், ஓட்டோடு. ஒன்றை எடுத்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். ஒரு கணுவின் விளிம்பு அடுத்த கணுவின் அடியில் வழுக்கிப் போவது தெரியும். ட்ரைலோபைட்டின் நடு உடம்பும் இப்படித்தான் வேலை செய்தது. ஆபத்து வந்தால் தலையும் வாலும் ஒட்டிக்கொள்ளும்படி சுருண்டுவிடும். பந்தாகச் சுருண்ட நிலையிலேயே கல்லானவை நிறைய உண்டு. அதை "உடைந்தது" என்று நினைத்து ஒதுக்கக் கூடாது.

அடுத்தது நண்டு. கடற்கரையிலும் கழிமுகத்திலும் நண்டு கழற்றிப் போட்ட வெறுங்கூடு கிடக்கும். முழு நண்டு மாதிரியே இருக்கும், எடுத்தால் காற்றுப்போல் லேசாக இருக்கும். ட்ரைலோபைட்டும் வளர வளர ஓடு கழற்றியது. பெரும்பாலான இனங்களின் தலையில் இரு பக்கமும் ஒரு பொருத்துக்கோடு ஓடும். ஓடு கழற்றும்போது அந்தக் கோட்டில் கன்னப் பகுதி இரண்டும் பிரிந்து விழும். பாறையில் கிடைக்கும் ட்ரைலோபைட்டில் பெரும் பங்கு இப்படிக் கழற்றிப் போட்ட ஓடுகள்தான். கன்னம் இல்லாத தலை என்றால் யாரோ உடைத்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. விலை குறையும், அவ்வளவுதான். தொடக்கத்துக்கு அது நல்லதே.

இப்போது உடம்பைப் படியுங்கள். தலை, நடு உடம்பு, வால் என்று குறுக்கே மூன்று பகுதி. நெடுக்கே நடுவில் ஒரு மேடு, இரு பக்கமும் ஒவ்வொரு விலா. நடு உடம்பில் உள்ள கணுக்களை எண்ணுவதுதான் முதல் பயிற்சி. வகைக்கு வகை எண்ணிக்கை மாறும். எல்ராதியா கிங்கி என்ற இனத்தில் பெரும்பாலும் 13 கணு. பேகாப்ஸ் குடும்பத்தில் 11. காலிமீனில் 13. அசாஃபஸில் 8. அக்னோஸ்டஸ் வகையில் வெறும் 2. அவற்றுக்குக் கண்ணும் கிடையாது. தலையும் வாலும் ஒரே அளவில் இருப்பதால் எது முன் எது பின் என்றே முதலில் குழம்பும்.

எண்ணுவதற்குப் பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். நகைக்கடைக்காரர்கள் கல் பார்க்க வைத்திருக்கும் மடக்கு லென்ஸ் போதும். சவுகார்பேட்டையில் நகைத் தொழில் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை லென்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். கல்லின் மேல் லென்ஸை வைத்துவிட்டு எட்டி நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஒரு நாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். விம்கோ நகர் பக்கத்திலிருந்து மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். வெள்ளிக்கிழமை விடுமுறை. 1851-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தின் ஆரம்பச் சேகரிப்பே கற்களும் கனிமங்களும்தான். புவியியல் பிரிவில் கல்லைவிட, கல்லுக்கு முன்னால் இருக்கும் சீட்டை நின்று வாசியுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் கல்

கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது எல்ராதியா கிங்கி. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், டெல்டா ஊருக்கு மேற்கே ஹவுஸ் மலைத்தொடரில், வீலர் ஷேல் என்ற படிவுப்பாறையிலிருந்து வருகிறது. ஷேல் என்பது ஏடு ஏடாகப் பிரியும் கல். வயது சுமார் 50 கோடி ஆண்டு. கறுப்பு, ஒன்று முதல் நான்கு சென்டிமீட்டருக்குள் இருக்கும். ஓட்டின் அடியில் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் தடித்து வளர்ந்திருப்பதால் பாறையிலிருந்து தானாகவே கழன்று வருகிறது. உளி வேலை தேவையில்லை. ஏராளமாகக் கிடைப்பதால் மலிவு; சிறியது சில நூறு ரூபாய்க்கு வரும், தபால் செலவு கல்லின் விலையைத் தாண்டிவிடும். ஏராளமாகக் கிடைப்பதைப் போலி செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது இன்னொரு லாபம்.

இரண்டாவதாக ஒரு பேகாப்ஸ் வகை வாங்கலாம், கண்ணுக்காக. மற்ற பல ட்ரைலோபைட்டுகளில் கண்ணின் வில்லைகள் லென்ஸில்கூடத் தெரியாத அளவு பொடியாக இருக்கும். பேகாப்ஸில் ஒவ்வொரு வில்லையும் தனித்தனியாக, வரிசை பிடித்து உருண்டு நிற்கும். அந்த வில்லைகளே கால்சைட்டால் ஆனவை. வட அமெரிக்க இனம் ஒன்றில் இந்த வில்லை வரிசை 18 என்பது 17 ஆகக் குறைந்ததை உட்கார்ந்து எண்ணித்தான் தொல்லுயிரியலாளர் நைல்ஸ் எல்ட்ரெட்ஜ் பரிணாமம் விட்டுவிட்டுத் தாவுகிறது என்ற கருத்துக்கு வந்தார். 1972-இல் ஸ்டீபன் ஜே கோல்டுடன் சேர்ந்து அதை வெளியிட்டார். அந்த இனத்துக்கு இப்போது அவர் பெயரிலேயே எல்ட்ரெட்ஜியாப்ஸ் என்று பெயர். கையில் ஒன்று இருந்தால் நீங்களும் லென்ஸ் வைத்து வரிசையை எண்ணலாம். ஒரு சாயங்காலம் போய்விடும்.

கண் காம்பின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரஷ்ய அசாஃபஸ், நெற்றியில் சூலம் வைத்த மொரோக்கோ வாலிசெராப்ஸ், உடம்பெல்லாம் முள்ளாக இருப்பவை, இவையெல்லாம் இணையத்தில் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். இப்போது வேண்டாம். அவற்றில் எது கல், எது பசை என்று சொல்லும் கண் வர நாளாகும்.

போலியைப் பிடிப்பது

மொரோக்கோவில் எர்ஃபூத், அல்னிஃப் பக்கத்து மக்களுக்கு ட்ரைலோபைட் ஒரு தொழில். அங்கிருந்து அருமையான அசல்கள் வருகின்றன, கூடவே ரெசின் என்ற செயற்கைப் பிசினை அச்சில் ஊற்றிச் செய்த வார்ப்புகளும். பொருட்காட்சியில் ஸ்படிகம், ராசிக்கல் விற்கும் கடைகளில் கறுப்பு ட்ரைலோபைட் ஒன்று உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததாக இருக்கும். "அண்ணே, கையில எடுத்துப் பாக்கலாமா?" என்று கேளுங்கள். "எடுத்துப் பாருங்க சார்" என்பவரிடம் மேலே பேசலாம். "தொடாதீங்க, ஒரிஜினல்" என்பவரிடம் பேச்சு எதற்கு?

கையில் எடுத்ததும் முதலில் கனம். ரெசின் லேசாகவும், தொட்டால் வெதுவெதுப்பாகவும் இருக்கும். சுண்ணாம்புக்கல் ஜில்லென்று இருக்கும். அடுத்து லென்ஸ். ஊசி முனையளவு வட்டக் குழிகள் சிதறிக் கிடந்தால் அது வார்க்கும்போது சிக்கிய காற்றுக்குமிழி. பேகாப்ஸ் வகையாக இருந்தால் நேரே கண்ணுக்குப் போங்கள். வில்லை வரிசை ஒழுங்காக இருக்கிறதா, அல்லது கண் இருக்க வேண்டிய இடத்தில் கத்தியால் கீறிய கட்டமோ வெறும் மேடோ இருக்கிறதா? பிறகு கணுவை எண்ணுங்கள். 11 இருக்க வேண்டிய இடத்தில் 9 இருந்தால் செதுக்கியவருக்கு எண்ணிக்கை தெரியவில்லை என்று பொருள்.

பாறையும் ட்ரைலோபைட்டும் சந்திக்கும் ஓரத்தைச் சுற்றிலும் பாருங்கள். அங்கே நிறம் மாறி ஒரு வளையம் ஓடினால், ஒரு கல்லில் குழி வெட்டி வேறெதையோ பதித்திருக்கிறார்கள். மாறாக, பாறையில் தொடங்கிய விரிசல் ஒன்று ஓட்டின் குறுக்கே போய் மறுபக்கம் வெளியேறினால் சந்தோஷப்படுங்கள். பாறை பிளந்தபோது உடைந்து, திரும்ப ஒட்டப்பட்டது அது. ஒட்டியது குறையே இல்லை, அசலுக்குச் சாட்சி. ஒட்டியதைச் சொல்லாமல் விற்பதுதான் குறை.

நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் ஒன்று இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். பசையும் ரெசினும் பல சமயம் நீலமாகவோ வெளிர்மஞ்சளாகவோ தனித்து மின்னும். வாங்கிய பிறகும் சந்தேகம் தீரவில்லையென்றால், பஞ்சுக்குச்சியில் அசிட்டோன் தொட்டு அடிப்பக்கத்தில் தேய்த்துப் பார்க்கலாம். ஷூ பாலிஷும் பெயின்டும் கறுப்பாக வந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்புக்குத் தள்ளி உட்கார்ந்து செய்யுங்கள்.

வார்ப்பு என்று சொல்லியே விற்கும் வார்ப்பில் தப்பில்லை. அரிய இனங்களைத் தொட்டுப் பார்க்க அதுவே வழி. சீட்டில் "வார்ப்பு" என்று எழுதிவிட்டால் போதும்.

வரவழைப்பது

வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது விற்பவரிடம் மூன்று கேள்வி: எந்தப் பாறை அடுக்கு, எந்த ஊர், எங்கெங்கே ஒட்டுவேலை செய்திருக்கிறது? நல்ல வியாபாரி மூன்றுக்கும் பதில் எழுதுவார். "மொரோக்கோ, 40 கோடி ஆண்டு" என்பதோடு நிறுத்துபவரிடம் வாங்காதீர்கள். சீனாவிலிருந்து வரும் பாசில் வேண்டவே வேண்டாம். அனுமதியின்றி அவற்றை ஏற்றுமதி செய்ய அந்நாட்டுச் சட்டம் தடை விதிக்கிறது.

பார்சல் சுங்கத்தைத் தாண்டித்தான் வரும். தொல்லுயிர் ஆர்வமுள்ள சேகரிப்புப் பொருட்கள் 9705 என்ற சுங்க எண்ணின்கீழ் வருகின்றன. அந்த எண்ணையும் உண்மையான விலையையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கூரியர்காரர்கள் அடையாளச் சான்று கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். "கிஃப்ட்" என்று பொய்யாக எழுதச் சொல்வது பிறகு தலைவலி.

இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. தண்டையார்பேட்டையில் எந்தத் தெருவை எடுத்தாலும் அமெரிக்காவில் ஒரு சித்தப்பா மகனாவது அத்தை பெண்ணாவது இருப்பார்கள். யூட்டாவில் டெல்டாவுக்கு அருகே கட்டணம் வாங்கிக்கொண்டு நம்மையே பாறை பிளந்து எடுத்துக்கொள்ள விடும் குவாரி இருக்கிறது. அவர்கள் சுற்றுலா போகும்போது ஒரு எட்டு எட்டிப் பார்க்கச் சொன்னால், தாளில் சுற்றி, சாக்ஸுக்குள் வைத்துப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். ரசீதை மறக்காமல் வாங்கிவரச் சொல்லுங்கள். ஆனால் தேசியப் பூங்காவில் ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சீட்டு

அருங்காட்சியகத்தில் சீட்டை வாசிக்கச் சொன்னது இதற்குத்தான். இடம் தெரியாத ட்ரைலோபைட் அழகான பேப்பர் வெயிட், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இனத்தின் பெயரைப் பிறகுகூடக் கண்டுபிடித்துவிடலாம். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதைக் கல்லே திரும்பச் சொல்லாது.

சீட்டில் இனத்தின் பெயர், காலம், பாறை அடுக்கு, ஊர், நாடு, நீளம், யாரிடம் எப்போது வாங்கியது, ஒட்டுவேலை விவரம் எல்லாம் எழுதுங்கள். விற்றவர் அனுப்பிய பழைய சீட்டைத் தூக்கிப் போடாமல் கூடவே வையுங்கள். பிறகு கல்லின் அடியில், பாறைப் பகுதியில், துளி வெள்ளை நெயில் பாலிஷ் வைத்துக் காயவிட்டு, மெல்லிய பேனாவால் எண் எழுதுங்கள். அதே எண் சீட்டிலும் நோட்டிலும் இருக்கட்டும். நோட்டைப் போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

உப்புக் காற்றும் வெள்ளமும்

வெளியூர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் வேகம் நமக்குத் தெரியும். அதே காற்றுதான் கல்லையும் தின்னும், எல்லாக் கல்லையும் அல்ல. பைரைட்டாக, அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாதுவாக, மாறிய ட்ரைலோபைட்டுகள் உண்டு. நியூயார்க்கின் ட்ரையார்த்ரஸ் பொன்னாக மின்னும், கால்கூட அப்படியே பதிந்திருக்கும். ஈரக் காற்றில் பைரைட் ஆக்சிஜனோடு சேர்ந்து இரும்புச் சல்பேட்டாகவும் கந்தக அமிலமாகவும் மாறுகிறது. முதலில் வெள்ளையாக அல்லது மஞ்சளாகப் பூக்கும், கந்தக வாடை வரும், பிறகு கல்லே பொடிந்து சீட்டையும் பெட்டியையும் அரித்துவிடும். கடலோரத்தில் ஏசி இல்லாத வீட்டில் இருப்பவர்கள் பைரைட் ட்ரைலோபைட் பக்கமே போகாதீர்கள். சுண்ணாம்புக்கல்லும் கால்சைட் ஓடும் இந்த வகையில் சாதுவானவை.

மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நீலமாக இருந்து ஈரம் ஏறினால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், அடியில் ஃபோம் தாள். பஞ்சு வைக்காதீர்கள், முள்ளில் நூல் மாட்டி இழுக்கும். வெயில் படும் ஜன்னல் ஓரமும் வேண்டாம்.

டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் வைக்கவே கூடாது. 2015 டிசம்பரையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வியாசர்பாடியிலும் மணலியிலும் தண்ணீர் நின்றதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த முறை எண்ணூர் பக்கத்து வீடுகளுக்குள் எண்ணெயும் சேர்ந்து வந்தது. ட்ரைலோபைட் தண்ணீரில் நனைந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ஷேல் வகை தவிர. மை கரைந்த சீட்டு பிழைக்காது. அதனால் பரணில் அல்லது பீரோ மேல்தட்டில் வையுங்கள். சீட்டைப் பென்சிலில் எழுதி, சின்ன ஜிப் கவரில் போடுங்கள். மை பேனாவை நம்பாதீர்கள்.

சுத்தம், படம்

உலர்ந்த மெல்லிய டூத் பிரஷ் போதும். ஷேல் கல்லைக் கழுவினால் ஏடு ஏடாகப் பிரியும். எண்ணெய், வார்னிஷ், ஷூ பாலிஷ் எதுவும் வேண்டாம். உடைந்தால் அவசரப்பட்டு ஃபெவிக்விக் போடாதீர்கள். திரும்பப் பிரிக்க முடியாது. அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவது பாரலாய்ட் பி-72 என்ற ரெசின். அசிட்டோனில் கரையும், தவறாக ஒட்டினால் கரைத்துத் திரும்ப ஒட்டலாம். அது கிடைக்கும்வரை துண்டுகளை ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

படம் எடுக்கும்போது மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். அறை விளக்கை அணைத்து, டார்ச்சை இடது மேல் மூலையிலிருந்து தாழ்வாகச் சாய்த்துப் பிடியுங்கள். கணுக்களின் நிழல் விழுந்து உருவம் எழும். இடது மேலிருந்து ஒளி என்பது தொல்லுயிரியலாளர்கள் படம் எடுக்கும் வழக்கமும்கூட. அவர்கள் அதற்கு முன் நவச்சாரத்தைச் சூடாக்கி, அதன் புகையை ஓட்டின்மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சாகப் படியவைப்பார்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் வைத்திருக்கும் அதே நவச்சாரம்தான். புகை மூச்சுக்கு ஆகாது, பூச்சு ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றில் உடனே துடைக்கவும் வேண்டும். வீட்டில் முயல வேண்டாம்.

படத்தில் அளவுகோல் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். கூடவே பென்சிலால் ஒரு கோட்டுப்படமும் வரையுங்கள், மோசமாக வந்தாலும் பரவாயில்லை. கணுவை எண்ணாமல் வரைய முடியாது. அடுத்த கல் வாங்கலாமா என்று யோசிக்கும்போது முதல் கல்லின் படத்தைக் கல்லைப் பார்க்காமல் வரைந்து பாருங்கள். கன்னம் எங்கே முடிகிறது, வாலில் எத்தனை வளையம் என்று தடுமாறினால் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து வாங்கலாம்.